தெரிந்தும் ஏன் செய்தான்?

வாசகர் கேள்வி

எனக்கு ஒரே மகன். வயது 16, பிளஸ் ஒன் படிக்கிறான். அவன் அப்பச்சி (அப்பா) சிங்கப்பூரில் வேலையில் இருக்கிறார்கள். பள்ளத்தூரில் மாமனார், மாமியாரோடு நானும் மகனும் இருக்கிறோம். ஜனவரியில் பள்ளியில் நடந்த சாலைப் பாதுகாப்புக் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு வாங்கினான். அதே பிள்ளை சென்ற மாதம் காரைக்குடியில் டியூஷன் முடிந்ததும், அங்கே இருக்கும் என் தம்பியின் பைக்கை எடுத்துக்கொண்டு, பின்னால் இரண்டு நண்பர்களை ஏற்றி, ஹெல்மெட் இல்லாமல் கானாடுகாத்தான் பக்கம் போய், நெடுஞ்சாலையில் ஒரு லாரியை முந்தும்போது விழுந்துவிட்டான். பின்னால் இருந்தவர்களில் ஒருவன் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தானாம். என் மகனுக்குத் தோளில் காறை எலும்பு முறிந்திருக்கிறது. மற்ற இருவரும் சிராய்ப்போடு தப்பினார்கள். ஏன் செய்தாய் என்று கேட்டால், "எனக்கே தெரியலம்மா, அப்போ அப்படித் தோணுச்சு" என்கிறான். மாமனார், "அப்பன் பக்கத்தில் இல்லாத பிள்ளை, ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது. இனி எங்கும் விடாதே, போனையும் வாங்கி வை" என்கிறார்கள். இவ்வளவு தெரிந்த பிள்ளை இப்படிச் செய்தால் மூளையில் ஏதும் கோளாறு இருக்குமா? ஸ்கேன் எடுத்தால் தெரியுமா? நான் வளர்த்ததில்தான் குறையா?

— பள்ளத்தூரிலிருந்து ஒரு தாய்

மனநல மருத்துவரின் பதில்

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு,

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் மகனின் மூளையில் கோளாறு இருப்பதாக எண்ண எந்தக் காரணமும் இல்லை. அவன் ஏன் அப்படிச் செய்தான் என்பதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் எடுக்க வேண்டியதும் இல்லை. ஆனால் வேறொரு காரணத்துக்காக ஸ்கேன் தேவைப்படலாம். ஹெல்மெட் இல்லாமல் விழுந்திருக்கிறான் என்பதால், கூடிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, வழக்கத்தை மீறிய தூக்கம், பேச்சில் குழப்பம், வலிப்பு ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால், ஒரு மாதம் கடந்துவிட்டதே என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தலையில் பட்ட அடியைப் பார்ப்பதற்குத்தான் அந்த ஸ்கேன். "ஏன் செய்தாய்" என்ற கேள்விக்கு எந்த ஸ்கேனும் விடை சொல்லாது.

கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவன் இப்படிச் செய்தானே என்பது உங்களுக்குத் தீராத புதிராக இருக்கிறது. என்னிடம் வரும் பெற்றோர்களில் பெரும்பாலோர் இதே புதிரோடுதான் வருகிறார்கள். அந்தக் கட்டுரையை அவன் மனப்பாடம் செய்து எழுதியிருக்கமாட்டான், புரிந்துதான் எழுதியிருப்பான் என்று நான் நம்புகிறேன். அமைதியாக உட்கார்ந்து, அவசரமில்லாமல், உணர்ச்சி கிளராத நிலையில் யோசிக்கும்போது 16 வயதுப் பிள்ளையின் பகுத்தறிவு பெரியவர்களுடையதற்கு ஏறத்தாழச் சமமாகிவிடுகிறது. அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் ஸ்டைன்பர்க்கும் அவருடன் பணியாற்றியவர்களும் இந்தியா உட்பட 11 நாடுகளில், 10 முதல் 30 வயது வரையிலான 5,000க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தபோது கண்டது இதுதான். ஆனால் மனம் கொதிக்கும் நேரத்தில் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் திறன் அந்த வயதோடு நின்றுவிடவில்லை. இருபதுகளுக்குள்ளும் வளர்ந்துகொண்டே போனது. கிளர்ச்சியைத் தேடும் நாட்டமோ பதின்ம வயதின் பிற்பகுதியில் உச்சத்தைத் தொட்டது. நாட்டுக்கு நாடு சில வேறுபாடுகள் இருந்தாலும் பொதுப் போக்கு பெரும்பாலான இடங்களில் இதுவாகவே இருந்தது. ஆகவே, அப்பச்சி சிங்கப்பூரில் இருப்பதால்தான் பிள்ளை இப்படிச் செய்தான் என்று உங்கள் மாமனார் சொல்வதை நான் ஏற்கவில்லை. அப்பா தினமும் வீட்டுக்கு வரும் குடும்பங்களிலிருந்தும் இதே கதையைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்த வயதுப் பிள்ளைகள் தங்களுக்கு எதுவும் ஆகாது என்று நினைக்கிறார்கள் என நாம் சொல்லிக்கொள்கிறோம். வலேரி ரெய்னா போன்ற ஆய்வாளர்கள் கண்டது வேறு. பல ஆபத்துகளை இவர்கள் உண்மையில் இருப்பதைவிட அதிகமாகவே மதிப்பிடுகிறார்கள். அப்படி மதிப்பிட்ட பிறகும் செய்கிறார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. காரணம், அவர்கள் கணக்குப் போடுகிறார்கள். ஒரு பக்கத்தில் விபத்து நேரும் வாய்ப்பு, இன்னொரு பக்கத்தில் அந்த நிமிடத்தின் சந்தோஷம். ஒருமுறை முந்துவதில் விபத்து நேரும் வாய்ப்பு சிறியது, சந்தோஷமோ கண்முன் பெரிதாக நிற்கிறது. அந்தக் கணக்கைக் கணக்காக மட்டும் பார்த்தால் அதில் பிழை சொல்வது கடினம். பெரியவர்கள் அங்கே கணக்கே போடுவதில்லை. மூன்று பேர், ஹெல்மெட் இல்லை, எதிரே லாரி என்றதும் "உயிரோடு விளையாடாதே" என்று உள்ளிருந்து ஒரு குரல் எழுகிறது, அதோடு முடிந்துவிடுகிறது. சுறா மீன்களோடு நீந்துவது நல்ல யோசனையா என்பது போன்ற கேள்விகளை ஓர் ஆய்வில் கேட்டபோது, பதின்ம வயதினர் பெரியவர்களைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டு "இல்லை" என்றார்கள். விடை ஒன்றுதான்; ஆனால் அவர்கள் யோசித்துப் பார்த்துச் சொன்னார்கள். அதனால்தான் இன்னொரு முறை புள்ளிவிவரம் சொல்லி விளக்குவதால் பெரிய பயன் விளையாது என்று கருதுகிறேன். அவனிடம் விவரம் குறைவாக இல்லை.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. அக்னியேஷ்கா திமுலாவும் உடன் பணியாற்றியவர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஆபத்தின் அளவு தெளிவாகத் தெரிந்த இடங்களில் பதின்ம வயதினர் பெரியவர்களைவிடக்கூட அதிகமாகத் தயங்கினார்கள். வாய்ப்பு எவ்வளவு என்று தெரியாத மங்கலான இடங்களில்தான் அவர்கள் துணிந்து இறங்கினார்கள். நெடுஞ்சாலையில் லாரியை முந்துவது அப்படிப்பட்ட மங்கலான இடம்தான். எதிரே வண்டி வருமா, லாரி ஒதுங்குமா, பின்னால் இருப்பவன் ஆடுவானா என்பது யாருக்கும் தெரியாது. தெரியாததை "ஒன்றும் ஆகாது" என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் இந்தப் பருவத்தில் இயல்பாகவே கூடுதலாக இருக்கிறது.

இப்போது மூளைக்கு வருகிறேன். மூளையின் ஆழத்தில் ஸ்ட்ரையேட்டம் என்று நாங்கள் சொல்லும் ஒரு பகுதி உண்டு. பாராட்டு, வெற்றி, பணம், நண்பனின் சிரிப்பு எனக் கிடைக்கவிருக்கும் எந்த நன்மைக்கும் டோபமின் என்னும் வேதிப்பொருளின் துணையோடு "இது வேண்டும்" என்று அது துடிக்கும். பருவ வயதை அடையும் காலத்தில் இந்தத் துடிப்பு, குழந்தைப் பருவத்தைவிடவும் பெரியவர்களைவிடவும் பல ஆய்வுகளில் உயர்ந்து காணப்படுகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணி, பொறுத்துப் பார், பின்விளைவை எண்ணு, கையை இழுத்துக்கொள் என்று சொல்லும் பகுதி. அதன் வளர்ச்சி நிதானமானது. 1999இல் ஜே கீட் என்பவரின் குழு ஒரே பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து ஸ்கேன் செய்து, மூளையின் வளர்ச்சி குழந்தைப் பருவத்தோடு முடிவதில்லை என்பதைக் காட்டியது. பயன்படாத நரம்பிணைப்புகள் களையப்படுகின்றன. பயன்படும் பாதைகள் மயலின் என்ற கொழுப்பு உறை போர்த்தி வேகம் பெறுகின்றன. முன்மூளைப் புறணியில் இந்த வேலை இருபதுகள் வரை நீள்கிறது. 25 வயதில் மூளை முழுதாகிவிடும் என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். அப்படி ஒரு நாளில் திறக்கும் கதவு எதுவும் இல்லை. ஆளுக்கு ஆள் வேறுபாடும் மிகுதி. இரண்டு பகுதிகளுக்கு இடையே நடக்கும் இழுபறி என்று சொல்வதும் புரிதலுக்காகச் சுருக்கியதுதான்; உண்மையான மூளை இதைவிடச் சிக்கலானது, அறிஞர்களிடையே இது குறித்து விவாதமும் நடக்கிறது. ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்று நான் சொன்னதற்கும் இதுவே காரணம். இந்த ஆய்வுகள் பலரின் சராசரியைக் காட்டுகின்றன. ஒரு தனிப் பிள்ளையின் படத்தைப் பார்த்து "இவன் துணிந்து இறங்குவான்" என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது.

ஆச்சி, உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது பைக்கும் இல்லை, லாரியும் இல்லை. பின்னால் இருந்த இரண்டு பேரும் அவர்களில் ஒருவன் கையில் இருந்த போனும்தான். மார்கோ கார்ட்னரும் ஸ்டைன்பர்க்கும் 2005இல் 306 பேரை ஒரு கார் ஓட்டும் கணினி விளையாட்டில் சோதித்தார்கள். தனியாக விளையாடியபோது இருந்ததைவிட, நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் எடுத்த ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கானது. 24 வயதைக் கடந்தவர்களிடம் மாற்றமே இல்லை. 2011இல் ஜேசன் செயினின் குழு இது போன்ற ஒரு விளையாட்டை ஸ்கேனருக்குள் வைத்துச் சோதித்தது. நண்பர்கள் அருகில்கூட இல்லை. வேறோர் அறையில் இருந்து திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கிறார்கள் என்று தெரிந்த அளவிலேயே பதின்ம வயதினரின் ஸ்ட்ரையேட்டம் கூடுதலாகத் துடித்தது. மஞ்சள் விளக்கில் நிற்காமல் பாய்வதும் கூடியது. தனியாக ஓட்டியபோது அவர்கள் பெரியவர்களைப் போலவே ஓட்டினார்கள் என்பதைத் தயவுசெய்து மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நண்பர்கள் "போடா, முந்துடா" என்று தூண்ட வேண்டியதே இல்லை. இருந்தாலே போதும். போனில் பதிவாகும் படம், அங்கே இல்லாத இன்னும் நூறு நண்பர்களையும் அந்த வண்டியில் ஏற்றிவிடுகிறது. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், நிறைய "லைக்" விழுந்த தங்கள் படங்களைப் பார்த்த பதின்ம வயதினரின் மூளையில் துடித்ததும் ஏறக்குறைய இதே பகுதிதான்.

சிராவயல் மஞ்சுவிரட்டைப் பார்த்திருப்பீர்கள். ஆளில்லாத வயலில் அவிழ்ந்து வரும் காளையைக் கண்டால் வரப்பேறி ஒதுங்கும் பையன், கூட்டமும் கூட்டாளிகளும் நிற்கும் திடலில் அதே காளையின் முன் பாய்கிறான். பையனும் மாறவில்லை, காளையும் மாறவில்லை. மாறியது சுற்றி நிற்கும் கண்கள். உங்கள் மகன் "அப்போ அப்படித் தோணுச்சு" என்று சொன்னது மழுப்பல் என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். என் அனுபவத்தில், இந்த வயதுப் பிள்ளைகள் சொல்லும் மிக நேர்மையான விடைகளில் அதுவும் ஒன்று. அமைதியாக வீட்டில் உட்கார்ந்திருக்கும் அவனால், அந்த நிமிடத்தில் இருந்த தன்னை நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை.

இதிலிருந்து நான் வரும் முடிவு, அவனைத் திருத்துவதைவிட அவனைச் சுற்றி உள்ள நேரத்தையும் இடத்தையும் ஆட்களையும் திருத்துவதே இப்போது பலன் தரும் என்பதுதான். இது அவனுக்குச் சலுகை காட்டுவதாக உங்கள் மாமனாருக்குத் தோன்றலாம். ஐந்தில் வளையாதது என்று அவர்கள் சொல்வதற்கு மதிப்புக் கொடுத்தே சொல்கிறேன்: பாதைகள் களையப்பட்டும் போர்த்தப்பட்டும் உருவாகும் இந்தப் பருவம், மூளை மிக நன்றாக வளையும் பருவங்களில் ஒன்று.

உங்கள் செட்டிநாட்டுப் பெரியவர்கள் இதை எந்த ஸ்கேனும் இல்லாமலே அறிந்திருந்தார்கள் என்று நான் நினைப்பதுண்டு. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழில் செய்யப் போன காலத்தில் இந்த ஊர்களின் பையன்கள் பதின்ம வயதிலேயே கடல் கடந்தார்கள். வட்டிக்கடையின் தொழிலே ஆபத்தை எடைபோடுவதுதான். ஆனால் போய் இறங்கிய பையனிடம் யாரும் முதல் நாளே கடனை முடிவு செய்யும் பொறுப்பைக் கொடுக்கவில்லை. வேலை பழகும் பெட்டியடிப் பையனாக இருந்து, உதவியாளரான அடுத்தாளாகி, அதன் பிறகே கடையை நடத்தும் ஏஜெண்டு ஆனான். ஒவ்வொரு படியிலும் அவனைவிடச் சற்றே மூத்த ஒருவர் பக்கத்தில் இருந்தார். 2016இல் வெளியான இன்னோர் ஆய்வு எனக்கு இதைத்தான் நினைவூட்டியது. 18 முதல் 22 வயது இளைஞர் குழுக்களில் ஒரே ஓர் ஆளை மாற்றி, 25 வயதைக் கடந்த ஒருவரை உட்காரவைத்தபோது, கூட்டாளிகளால் கூடும் துணிச்சல் அடங்கிவிட்டது. வாகனம் ஓட்டும் உரிமத்தையும் சில நாடுகள் இப்படியே படிப்படியாகக் கொடுக்கின்றன. 1987இல் நியூசிலாந்து தொடங்கிவைத்த அந்த முறையில், புதிதாக ஓட்டும் இளைஞர் இரவில் தனியாக ஓட்டவும் தன் வயதுத் தோழர்களை ஏற்றவும் முதலில் கட்டுப்பாடு உண்டு. அந்த முறையைக் கொண்டுவந்த இடங்களில் இளம் ஓட்டுநர்களின் விபத்துகள் குறைந்தன.

ஆகவே உங்கள் தம்பியிடம் இருந்து தொடங்குங்கள். பைக் சாவி மகனின் கைக்கு எட்டாத இடத்தில் இருப்பது, நூறு அறிவுரைகளைவிட வலிமையானது. சட்டமும் இதையே சொல்கிறது. கியர் உள்ள பைக்கை 18 வயதுக்கு முன் ஓட்ட அனுமதியே இல்லை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, சிறார் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரோ வாகனத்தின் உரிமையாளரோ 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கும் 25,000 ரூபாய் அபராதத்துக்கும் உள்ளாக நேரிடும். வாகனத்தின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. அம்மான்மார் பாசத்தில் சாவியைக் கொடுத்துவிடுவது நம் பக்கத்தில் வழக்கமாக இருப்பதால் இதை விரிவாக எழுதுகிறேன். பிள்ளைக்கு 18 ஆன பின் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசை உங்கள் தம்பிக்கு இருந்தால், அந்தச் சற்றே மூத்த ஆளாக அவரே இருக்கட்டும். டியூஷன் முடிந்து வீடு சேரும் நேரத்துக்குப் பேருந்தோ ஆட்டோவோ ஏற்பாடாகிவிட்டால், பாதிச் சிக்கல் முளைக்கும் முன்பே அகன்றுவிடும்.

அவனோடு பேச வேண்டியதும் உண்டு. ஆனால் நீளமாக அல்ல. கணக்குப் போடும் இடம் வராதபடி, முன்கூட்டியே ஒன்றிரண்டு முடிவுகளை அவன் வாயாலேயே எடுக்கவையுங்கள். "மூணாவது ஆள் ஏறினா நான் இறங்கிடுவேன்", "ஓட்டும்போது எவன் போன் எடுத்தாலும் வண்டி நிக்கும்" என்பவை போல, அளந்து பார்க்க இடமில்லாத முடிவுகளாக அவை இருக்கட்டும். நண்பர்கள் முன்னால் முகம் கெடாமல் விலகிக்கொள்ள அவனுக்கு ஒரு சாக்கும் தேவை. அந்தச் சாக்காக நீங்களே இருங்கள். "எங்கம்மா இப்போ கூப்பிடுவாங்க, நான் போகணும்" என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு முழு உரிமை கொடுத்துவிடுங்கள். எந்த நேரத்தில் எங்கிருந்து அழைத்தாலும் ஆள் அனுப்பி அழைத்துக்கொள்வோம், அன்று இரவு எந்தக் கேள்வியும் கேட்கமாட்டோம் என்று வாக்குக் கொடுங்கள். கொடுத்த வாக்கைக் கேள்வி நெஞ்சு வரை வந்தாலும் காப்பாற்றுங்கள்.

உங்கள் வளர்ப்பு குறித்துக் கேட்டிருந்தீர்கள். 2015இல் ஈவா டெல்சரின் குழு 14 வயதை ஒட்டிய பிள்ளைகளை அதே போன்ற ஓட்டும் விளையாட்டில் சோதித்தது. தாய் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தபோது பிள்ளைகள் ஆபத்தான முடிவுகளைக் குறைத்தார்கள். ஆபத்தை எடுக்கும்போது ஸ்ட்ரையேட்டத்தில் எழும் துடிப்பும் தணிந்தது. நண்பனின் கண்ணைப் போலவே தாயின் கண்ணும் அந்த மூளைக்குள் எட்டுகிறது. எங்கே போகிறான், யாரோடு இருக்கிறான், எத்தனை மணிக்கு வருவான் என்ற மூன்றையும் சண்டையில்லாமல் அறிந்திருக்கும் தாயின் கண்ணைச் சொல்கிறேன். அவன் அப்பச்சியும் வாரம் இருமுறையாவது போனில் இதைக் கேட்கலாம். மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன் நண்பர்களின் பெயர்களைக் கேட்கட்டும்.

எங்கும் விடாதே, போனை வாங்கி வை என்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். புதியதைத் தேடும் இந்தத் துடிப்புதான் அவனைப் புதியதைக் கற்கவும், வெளியூருக்குப் படிக்கப் போகவும், நாளைக்கு ஒரு தொழிலில் இறங்கவும் வைக்கப்போகிறது. அதை அடைத்துவைத்தால் அது வேறு வழி தேடும். எலும்பு கூடிய பின் அவன் துணிச்சலுக்கு நியாயமான வேலை கொடுங்கள். கபடியோ சிலம்பமோ, நீச்சல் தெரிந்த பெரியவர் கரையில் நிற்க ஊருணியில் நீந்துவதோ, வீட்டுத் திருமணம் ஒன்றின் சமையல் சாமான் கணக்கை அவன் பொறுப்பில் விடுவதோ, தனியாக ரயிலேறிச் சென்னை போய்வருவதோ எதுவாகவும் இருக்கலாம். தவறினால் நட்டம் உண்டு, ஆனால் உயிருக்கு நட்டமில்லை என்ற அளவில் இருக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் சில மாதங்களில் இதே போன்று மீண்டும் மீண்டும் அடிபட்டு வந்தாலோ, நண்பர்கள் இல்லாத நேரத்திலும் இப்படி இறங்கினாலோ, குடியோ வேறு போதையோ தென்பட்டாலோ, சிறு வயது முதலே ஓரிடத்தில் நிலைகொள்ளாத, எதையும் எண்ணுமுன் செய்துவிடும் இயல்பு இருந்திருந்தாலோ, மனநல மருத்துவர் ஒருவரிடம் நேரில் காட்டுங்கள். "செத்தால் என்ன" என்ற பேச்சு ஒருமுறை வந்தாலும் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம்.

காறை எலும்பைக் காட்ட அடுத்த முறை காரைக்குடிக்குப் போகும்போது, முடிந்தால் அவனோடு நீங்கள் மட்டும் பேருந்தில் போங்கள். பிள்ளைகள் எதிரே உட்காரவைத்துக் கேட்டால் வாய் திறப்பதில்லை; பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் சன்னலைப் பார்த்துக்கொண்டு போகும்போது தானாகப் பேசுகிறார்கள். அன்றைக்கு விபத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். வண்டியில் இருந்த மற்ற இருவரும் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருத்துவர்